பெண்கள் பேசுகிற படம் நட்டமா? எந்த அட்டவணையை நம்பி இறங்குவது

மழை தொடங்க முந்தின ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகளும் அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகளும் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து குந்திவிட்டார்கள். மூவரும் கோணேசபுரி வளாகத்தில் இறுதி ஆண்டு. ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டும். கையில் மூன்று மாதம், மூன்று பேருக்கு ஒரு மடிக்கணினி, ஃபோனில் மாதக் கடைசியில் தீர்ந்துபோகிற டேட்டா. அவ்வளவுதான் முதலீடு.

தலைப்பு வந்த கதை சுவையானது. தியேட்டரில் படம் போடுகிற ஒருவரிடம் பேட்டிக்குப் போயிருக்கிறார்கள். அவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, நல்ல மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார்: "பிள்ளையள், பொம்பிளையள்ட கதை எண்டால் ரெண்டாம் நாளே கதிரை காலி. இது என்ர அனுபவம்." அனுபவத்தோடு வாதாட முடியாது என்று எழும்பி வந்துவிட்டார்கள்.

"மாமி, இது மெய்யோ பொய்யோ எண்டு கணக்கால காட்டேலுமா?"

நான் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவள். சினிமா எனக்குத் தூரம். ஆனால் கேள்வியைக் கேட்டவுடனேயே ஒன்று தெரிந்தது. இதற்குள்ளே இரண்டு அளவுகோல் இருக்கின்றன. ஒன்று படத்தில் பெண் எவ்வளவு இருக்கிறாள் என்பதை அளப்பது, மற்றது படம் எவ்வளவு உழைத்தது என்பதை அளப்பது. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கிறார்கள். ஆய்வு கவிழ்வது பெரும்பாலும் இரண்டாவதில்.

அவர்கள் கொண்டுவந்த கொப்பியில் நாலு வழிகள் எழுதியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எனக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்பதை மறைக்காமலே எழுதுகிறேன்.

முதலாவது, ஏற்கனவே கட்டிவைத்த அட்டவணை. 1985இல் அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தன் தொடரில் ஒரு பாத்திரத்தின் வாயில் மூன்று நிபந்தனைகளை வைத்தார். படத்தில் இரண்டு பெண்களாவது இருக்கவேண்டும். அவர்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும். அந்தப் பேச்சு ஆணைப் பற்றியதாக மட்டும் இருக்கக்கூடாது. யோசனை தன் தோழி லிஸ் வாலஸுடையது என்று அவரே சொல்லியிருக்கிறார். பகிடிக்குப் போட்ட விதி உலகம் முழுக்கப் பரீட்சையாகிவிட்டது. 2013இல் சுவீடனில் சில திரையரங்குகள் இதில் தேறிய படங்களுக்கு முத்திரைகூடக் குத்தின.

2014இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற அமெரிக்கத் தரவு இதழ், இந்தப் பரீட்சை முடிவுகளையும் படங்களின் செலவு, வசூல் விபரங்களையும் ஒன்றாகக் கோத்து, 1970 முதல் 2013 வரையான 1,794 படங்களின் அட்டவணையை இலவசமாக வெளியிட்டது. யாரும் இறக்கிக்கொள்ளலாம், மிகச் சின்னக் கோப்பு. செலவு, அமெரிக்க உள்நாட்டு வசூல், உலக வசூல் மூன்றும் 2013 டொலர் மதிப்புக்கு மாற்றியும் தரப்பட்டிருக்கின்றன. பணவீக்கக் கணக்கில் மண்டையை உடைக்கத் தேவையில்லை.

பிள்ளைகள் "தேறியது, தேறாதது" என்ற நிரலை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வழிக்குப் போகப் பார்த்தார்கள். இருத்தி வைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு நிரல் இருக்கிறது. அது படங்களை ஐந்து தட்டாகப் பிரிக்கிறது. இரண்டு பெண்களே இல்லாதவை 141. பெண்கள் இருந்தும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாதவை 514. பேசினாலும் ஆணைப் பற்றி மட்டுமே பேசுபவை 194. பார்த்தவர்களுக்கே சந்தேகமானவை 142. முழுக்கத் தேறியவை 803.

அந்த 514ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். மொத்தத்தில் நூற்றுக்கு 29 வரும். திரையில் பெண்கள் வருகிறார்கள், போகிறார்கள், ஒருத்தியோடு ஒருத்தி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கோயில் திருவிழாவில்கூட இது நடக்காது.

அடுத்தது அந்தச் சந்தேகக் கேஸ் 142. அட்டவணைக்காரர்கள் அவற்றைத் தேறாத பக்கம் தள்ளியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தேறியவை நூற்றுக்கு 44.8. அதே 142ஐத் தேறிய பக்கம் தூக்கிப்போட்டால் 52.7. "பாதிக்கு மேல் தேறவில்லை" என்ற தலைப்புச் செய்தி ஒரே நொடியில் "பாதிக்கு மேல் தேறின" என்று மாறிவிடும். ஒரு படமும் மாறவில்லை, ஒரு வசனமும் மாறவில்லை. இதை அவர்கள் கையாலேயே கணக்குப் போட வைத்தேன். மருமகள் பேனையை மேசையில் போட்டுவிட்டு "அப்ப எதை நம்புறது?" என்றாள். இரண்டையும் செய்து, இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதுதான் வழி. முடிவு ஆடாமல் நின்றால் நம்பலாம்.

இனிக் காசுக்கு வருவோம். 1990 முதல் 2013 வரை வந்த 1,615 படங்களை வைத்து அந்த இதழ் பார்த்தபோது, தேறிய படங்கள் செலவழித்த ஒரு டொலருக்கு இடையமாக 2.68 டொலர் வசூலித்தன. தேறாதவை 2.45. (இந்தியாவில் இருந்து வாசிப்பவர்களுக்கு: நாங்கள் இடையம் என்பதைத்தான் நீங்கள் இடைநிலை அளவு என்கிறீர்கள், எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்கிற எண்.) பிள்ளைகளின் முகம் மலர்ந்துவிட்டது. பெண்கள் பேசினால் காசு கூட வரும், ஆய்வு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்!

முடியவில்லை. தம்பலகாமத்து வயலை வைத்துத்தான் இதை விளங்கப்படுத்தினேன். ஒருவருக்குப் பத்து ஏக்கர், இன்னொருவருக்கு வீட்டுப் பின்வளவில் கால் ஏக்கர் மரக்கறித் தோட்டம். மொத்த வருமானத்தைப் பார்த்தால் பத்து ஏக்கர்காரர் மேல். ஏக்கருக்கு எவ்வளவு என்று கேட்டால் தோட்டக்காரர் மேலே வந்துவிடுவார். சின்னதில் போட்ட காசுக்கு விகிதம் கூடத்தான் வரும். படத்திலும் அப்படியே: செலவு கூடக்கூட ஒரு டொலருக்கான வரவு குறைகிறது. இந்த அட்டவணையில் தேறிய படங்களுக்குக் கிடைத்த முதலீடோ குறைவு. ஆகவே 2.68 பெண்களால் வந்ததா, படம் சின்னதாக இருந்ததால் வந்ததா? அந்த இதழ்க்காரர்களே இதையும் பார்த்தார்கள். செலவின் தாக்கத்தைப் பிற்செலவு (regression) என்ற புள்ளிவிபரக் கணக்கால் நீக்கிய பிறகு, பரீட்சையில் தேறுவதற்கும் வரவு விகிதத்துக்கும் தொடர்பு இல்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

என் கண்ணில் இதுதான் பெரிய விடயம், ஆனால் ஒருவரும் இதைத் தலைப்பாகப் போடமாட்டார்கள். "பெண் இருந்தால் லாபம்" என்று இந்தத் தரவு சொல்லவில்லை. "பெண் இருந்தால் நட்டம்" என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்கிறது. அந்தத் தேத்தண்ணி மனிதருக்குப் பதில் சொல்ல இரண்டாவது போதும். முதலாவதைச் சொல்லப் போனால் நாங்களும் அவரைப் போலத்தான்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2.45 என்றால் ஒன்றைப் போட்டு ஒன்றரை லாபம் எடுத்தார்கள் என்று அர்த்தமில்லை. வசூலில் திரையரங்கு தன் பங்கை எடுத்துக்கொள்ளும், விளம்பரச் செலவு படத்தின் செலவுக் கணக்கில் வராது. செலவைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு வசூலித்தால்தான் கையைக் கடிக்காது என்பது அந்தத் தொழிலின் வாய்க்கணக்கு. அந்த வாய்க்கணக்கை வைத்துப் பார்த்தால் படங்களில் ஏறக்குறையப் பாதி தட்டுத்தடுமாறிக் கரை சேர்கின்றன, அல்லது சேரவில்லை.

ஏன் இடையம், ஏன் சராசரி இல்லை என்று மற்றப் பிள்ளை கேட்டாள். அவளுடைய அப்பா நிலாவெளிப் பக்கம் கரைவலைக்குப் போகிறவர், அதனால் விளங்கப்படுத்துவது சுகமாகப் போயிற்று. மாதம் முழுக்கச் சோற்றுக்கு மட்டும் பட்ட வலையில், ஒரு நாள் பாரைக்கூட்டம் பட்டு லொறி நிறைந்தால், சராசரிப்படி அவர் பணக்காரர். வீட்டில் வந்து பார்த்தால் உண்மை தெரியும். படத்தில் அந்தப் பாரைக்கூட்டம் 'பாராநோர்மல் அக்டிவிற்றி'. சுமார் 15,000 டொலரில் எடுத்தது, உலகம் முழுக்க 19 கோடி டொலருக்கு மேல் வசூல். இப்படி ஒன்று எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்தின் சராசரி வானத்துக்குப் போய்விடும். ஆகவே இடையம், இல்லாவிட்டால் விகிதத்தின் மடக்கை. வேறு பேச்சில்லை.

இரண்டாவது வழி வசனத்தை எண்ணுவது. 2016இல் ஹானா அண்டர்சன், மற் டானியல்ஸ் இருவரும் ஏறத்தாழ 2,000 திரைக்கதைகளை எடுத்து, எந்தப் பாத்திரம் எத்தனை சொல் பேசுகிறது என்று எண்ணி வெளியிட்டார்கள். டிஸ்னியின் 'முலான்' படத்தில் முலானைவிட அவளுக்குத் துணையாக வரும் குட்டி நாகம்தான் கூடப் பேசுகிறது என்ற தகவல் அதிலிருந்து வந்ததுதான். எனக்கு மனதுக்குப் பிடித்த அளவுகோல் இது. தேறியது, தேறாதது என்ற கத்திவெட்டு இல்லை, நூற்றுக்கு 12 என்றும் 47 என்றும் வித்தியாசம் காட்டும். ஆனால் திரைக்கதையில் இருப்பதெல்லாம் படத்தில் இருக்காது. வெட்டுமேசையில் முதலில் போவது யாருடைய காட்சி என்று ஊகிக்கலாம். அதோடு இதைக் காசுத் தரவோடு நாங்களே படம் படமாகக் கோக்கவேண்டும். ஒரே பெயரில் இரண்டு படம், ஆண்டு மாறிக் கிடக்கும் படம் என்று அதிலேயே ஒரு மாதம் போய்விடும். நேரம் இருந்தால் இதுதான். எங்களுக்கு நேரம் இல்லை.

மூன்றாவது, முதன்மைப் பாத்திரம் ஆணா பெண்ணா என்று மட்டும் பார்ப்பது. சுகமானது, கணினியே செய்துவிடும். டிஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் நடிகர் ஒவ்வொருவருக்கும் குறியீடு உண்டு: பெண் 1, ஆண் 2, தெரியாவிட்டால் 0. பிள்ளைகளில் மூன்றாமவன், தம்பி ஒருவன், ஏற்கனவே ஒரு துண்டை இறக்கி ஓட விட்டுப் பார்த்திருந்தான். சில படங்களுக்கு வரவு விகிதம் முடிவிலி என்று வந்திருக்கிறது. உலகின் மிகச் சிறந்த முதலீடுகளைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தானாம். உண்மை என்னவென்றால் அந்தத் தளத்தில் செலவு தெரியாத படத்துக்கு 0 என்று கிடக்கும். பூச்சியத்தால் வகுத்தால் முடிவிலி வராமல் வேறென்ன வரும். அதைவிட ஆபத்து, செலவு தெரிந்து வசூல் 0 என்று கிடப்பவை. அவை பிழை என்று கத்தாது, படுதோல்வி என்று வேடம் போட்டுச் சத்தமில்லாமல் கணக்குக்குள் இருந்துகொள்ளும்.

இந்த வழியில் பெயர்பெற்ற ஆய்வும் ஒன்று உண்டு. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் சிஏஏ என்ற கலைஞர் முகவர் நிறுவனமும் ஷிஃப்ட்7 என்ற நிறுவனமும் வெளியிட்டவை. 2014 முதல் 2017 வரை மிகக் கூடுதலாக வசூலித்த 350 படங்கள், அவற்றில் 105இல் பெண் முதன்மை, 245இல் ஆண். எந்தச் செலவுத் தட்டை எடுத்தாலும் பெண் முதன்மைப் படங்களின் சராசரி வசூலே மேல் என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எடுத்த 350உம் ஏற்கனவே வென்ற படங்கள். மாவட்டத்தில் முதல் இருபது இடம் எடுத்த பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டு "எந்த ரியூசன் நல்லது?" என்று கேட்பது போல. தோற்ற பிள்ளைகள் எந்த வகுப்பில் இருந்தார்கள் என்று யார் சொல்வது? அந்த ரியூசன் தொழிலில் நானும் இருப்பதால் இந்த வித்தை எனக்குத் தெரியும்.

முதன்மைப் பாத்திரமும் பெக்டெல் பரீட்சையும் ஒன்றை ஒன்று முறிப்பதும் உண்டு. 2013இல் வந்த 'கிராவிற்றி'யில் ஏறக்குறையப் படம் முழுக்க சாண்ட்ரா புல்லொக்தான். இந்த வழியில் முழுப் புள்ளி, பரீட்சையில் பெயில், ஏனென்றால் விண்வெளியில் அவளோடு பேச இன்னொரு பெண் இல்லை.

நாலாவதுதான் பிள்ளைகளின் உண்மையான ஆசை. தமிழ்ப் படங்களை எடுத்து, நாங்களே பார்த்து, நாங்களே எண்ணுவது. "அமெரிக்கப் படத்தை வைச்சு எழுதினா எங்கட ஆக்கள் ஏன் வாசிக்கப் போறாங்க மாமி?" நியாயமான கேள்வி. அன்றைக்கே பரீட்சித்துப் பார்த்தோம். ஒரு படத்தைப் போட்டு, ஒருத்தி ஃபோனில் நிறுத்து கடிகாரம், ஒருத்தி கொப்பி, தம்பி இடைநிறுத்தப் பொத்தான். அரை மணித்தியாலப் படத்துக்கு இரண்டு மணித்தியாலம் போனது. போனதில் பெரும்பகுதி சண்டை.

முதல் சண்டை பெயர். பெக்டெல் பரீட்சையை இறுக்கமாகப் பார்ப்பவர்கள் அந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் இருக்கவேண்டும் என்பார்கள். கூட்டத்தில் வந்துபோகும் முகமாக இருக்கக்கூடாது என்பது நோக்கம். தமிழ்ப் படத்தில் அம்மாவுக்கு எங்கே பெயர்? படம் முழுக்க அழுது, சமைத்து, மகனைக் காப்பாற்றி, கடைசியில் செத்தும் போகிறவள் "அம்மா"தான். அக்கா, அண்ணி, அத்தை, பக்கத்து வீட்டு ஆச்சி, எல்லாமே முறைப்பெயர். இறுக்கமான விதியைப் போட்டால் எங்கள் படங்களில் பாதிப் பெண்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். தளர்த்தினால் அமெரிக்க அட்டவணையோடு ஒப்பிடமுடியாது. முறைப்பெயரும் பெயர்தான், ஆனால் வசனத்தில் ஒருவராவது அவளை அப்படி அழைத்திருக்கவேண்டும் என்று முடித்தோம்.

இரண்டாவது, கல்யாணப் பேச்சு. தாயும் மகளும் அடுப்படியில் நின்று பேசுகிறார்கள். மாப்பிள்ளையைப் பற்றி என்றால் ஆணைப் பற்றியது, அது தெளிவு. சீதனத்துக்குக் காணி எழுதுவதைப் பற்றி என்றால்? மகள் "நான் படிக்கப் போறன்" என்று மறுத்தால்? 1994இல் வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் வேலைத்தலத்தில் தொல்லை கொடுக்கிற மேலதிகாரியை எதிர்த்து நிற்கிறார்கள். அவர்கள் பேசுவதில் பெரும்பங்கு அவனைப் பற்றித்தான். எழுத்துக்கு எழுத்து விதியைப் பிடித்தால் அந்தப் பேச்செல்லாம் "ஆணைப் பற்றியது" என்று கழிபட்டுவிடும்! தொல்லையைப் பற்றிப் பேசுவதும் காதலைப் பற்றிப் பேசுவதும் ஒரே பெட்டிக்குள் விழுகின்றன. இதற்கு விதி போடாமல் தனி நிரல் போட்டோம்: எதைப் பற்றிப் பேசினார்கள் என்று இரண்டு சொல்லில் எழுதுவது. எண்ணிக்கையைவிட அந்த நிரல்தான் பின்னால் வாசிக்கச் சுவையாக இருக்கப்போகிறது என்பது என் எண்ணம்.

இந்தியாவில் ஓர்மக்ஸ் மீடியா என்ற ஆய்வு நிறுவனம் வெளியிடும் அறிக்கையில் முன்னோட்டத்தை மட்டும் எடுத்து, அதில் பெண்கள் பேசும் நேரத்தை அளக்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் வேலை முடியும், விளம்பரம் செய்கிறவர் யாரை முன்னால் நிறுத்துகிறார் என்பதும் தெரியும். முழுப் படத்துக்கு நேரம் போதாவிட்டால் இதற்கு இறங்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறோம்.

ஆனால் காசு? இங்கேதான் நாலாவது வழி நொண்டுகிறது. நம்பிக்கையாக எடுத்துவைக்கத் தமிழ்ப் படத்துக்குத் திறந்த வரவு செலவுக் கணக்கு இல்லை. சுவரொட்டியில் "100 கோடி" என்று போடுவது தயாரிப்புத் தரப்பு. ஆளுக்கொரு எண் சொல்வது கணக்குப் பார்க்கிறோம் என்று சொல்கிற தளங்கள். மொத்த வசூலா, வரி போகவா, விநியோகஸ்தர் பங்கா என்பதுகூடக் கலந்து கிடக்கும். செலவில் நாயகன் சம்பளம் பெரிய பாறாங்கல். அதை வைத்து விகிதம் பார்த்தால் நாங்கள் அளப்பது பெண்களின் இடத்தையா, நாயகனின் சம்பளத்தையா? இங்கே திருகோணமலையில் எத்தனை நாள், எத்தனை காட்சி கொடுத்தார்கள் என்பதும் வசூலைத் தீர்மானிக்கும். பெண் முதன்மைப் படத்துக்கு ஒரு பகல் காட்சி, நாயகன் படத்துக்கு நாள் முழுக்க என்று கொடுத்துவிட்டு, பிறகு பெண் படத்துக்கு ஆள் வரவில்லை என்பது, காணியே கொடுக்காமல் விளைச்சல் எங்கே என்று கேட்பதுதான். இலங்கைத் தமிழ்ப் படங்களை மட்டும் எடுப்போமா என்று மருமகள் கேட்டாள். ஆசை நல்லது. எண்ணிக்கை புள்ளிவிபரத்துக்குக் காணாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக உட்கார்ந்து எழுதத்தான் காணும்.

ஆக, ஆய்வை இரண்டாக வெட்டச் சொன்னேன். லாப நட்டக் கேள்விக்கு 1,794 படங்களின் அட்டவணை. செலவை நாலு தட்டாகப் பிரித்து, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் தேறியவை, தேறாதவை இரண்டின் வரவு விகித இடையம். சந்தேகமான 142ஐ ஒருமுறை அந்தப் பக்கம், ஒருமுறை இந்தப் பக்கம். வசூல் விபரம் இல்லாத வரிகள் எத்தனை கழிந்தன என்று வெளிப்படையாக எழுதுவது. இது மூன்று வார வேலை. தமிழ்ப் பகுதிக்கு இருபது படம், நிறுத்து கடிகாரமும் கொப்பியும், காசைப் பற்றி மூச்சும் விடுவதில்லை. இரண்டு பகுதியையும் ஒட்டவைத்து ஒரே முடிவு எழுதப் பார்த்தால் வழிகாட்டும் மிஸ் கிழித்துப்போடுவார், அதற்கு முன்னம் நானே கிழித்துவிடுவேன்.

தம்பிக்கு இது முழுத் திருப்தி இல்லை. அமெரிக்க முடிவை வைத்துக்கொண்டு அந்தத் தியேட்டர்காரரிடம் போனால் "அது அங்க தம்பி, இது இங்க" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார் என்கிறான். சரிதான். அதற்கு அவனையே ஒரு வேலை செய்யச் சொல்லியிருக்கிறேன். அவரிடமே திரும்பப் போய், கடந்த ஒரு வருடம் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி, எந்த நேரத்தில் போட்டார் என்று மட்டும் கேட்பது. காசைக் கேட்டால் சொல்லமாட்டார், காட்சி நேரம் வாசலில் ஒட்டுகிற விடயம், சொல்லுவார்.

போகும்போது படியில் நின்று மருமகள் கடைசிச் சண்டையைக் கிளப்பினாள். "மாமி, பாட்டைச் சேர்க்கிறதோ? கதாநாயகி ஏழு நிமிசம் வாயசைக்கிறா, குரல் வேற ஒராளுடையது." படலைக்கு வெளியே ஓட்டோ காத்துக்கொண்டு நின்றது. பாட்டுக்குத் தனி நிரல், கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை என்றேன். "அப்ப இரவல் குரல்ல பேசுற நடிகை?" என்று ஓட்டோவுக்குள் இருந்து மற்றவள் கேட்டாள். அதற்கு இன்னும் நிரல் போடவில்லை.